புளி போட்டு விளக்கிய வில்லைகள்

17 நவம்பர் 2008, திங்கள்

காலை ஏழு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. செம்மடையிலிருந்து ராமநாதபுரம் வரை உட்கார்ந்து போவது, இந்தப் பதினோரு வருட வேலையில் பத்துத் தடவை நடந்திருந்தால் அதிகம். மடியில் ஒரு பாட்டில். உடைந்துவிடக் கூடாதே என்று பிடித்த பிடியில் கை மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "என்னத்தா, தீர்த்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எங்கள் ஊர் முழுக்கக் குடிக்கிற ஊரணித் தண்ணீர், இதில் எத்தனை கிருமி என்று எண்ணப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எழுந்து வேறு இடம் பார்த்திருப்பார்.

காலேஜில் என் வழிகாட்டி ஹமீது சுல்தான் சார் இன்று படிவத்தில் கையெழுத்துப் போட்டார். எம்.எஸ்சி. முடித்தும் இதுவரை நுண்ணுயிரியல் துறையில் அடுத்தவர்களுக்குக் கண்ணாடிக் குழாய் கழுவிக் கொடுத்த வீரலட்சுமி, இனி அதே துறையில் பகுதி நேர எம்.பில். மாணவி. குழாய் கழுவுவதும் தொடரும். "தண்ணியைச் சுத்தம் பண்றதை உங்க ஊர்லயே செஞ்சு பாக்குறதா எழுதியிருக்கீங்க. மார்ச் முடியிறதுக்குள்ள முடிவு வரணும். வரலைன்னா ஊர்ப் பகுதியை எடுத்துட்டு லேப் வேலையோட முடிச்சிருவோம், சரியா?" என்றார். சரி என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முந்திக்கொள்ளும்.

18 நவம்பர், செவ்வாய்

நேற்று அந்தத் தண்ணீரைச் சொட்டி வைத்த கண்ணாடித் தட்டில் கிருமிகள் முளைத்துவிட்டன. எண்ணவே முடியவில்லை, புள்ளி மேல் புள்ளி. கூட வேலை பார்க்கும் சாலிஹா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இதையா குடிக்கிறீங்க?" என்றாள்.

இதைத்தான். நானும்தான்.

28 நவம்பர், வெள்ளி

மூன்று நாளாகப் புயல் மழை. பஸ் இல்லை. ஊரணி நிறைந்து படிகள் மூழ்கிவிட்டன. ஊரே சிரித்த முகமாகத் திரிகிறது. ஊரணி நிறைந்திருக்கும்போது எங்களுக்கு வயிறு பிரச்சினை இல்லை. தண்ணீர் இறங்க இறங்கத்தான் கண்டம். மாசியில் ஆரம்பிக்கும், வைகாசியில் உச்சிக்குப் போகும்.

3 டிசம்பர், புதன்

ராக்குவை இன்று எதிரெதிராகப் பார்த்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரிதான். ஆனால் ஆறு மாதமாக என் முகத்தைப் பார்க்காமலே நடந்து பழகியிருக்கிறாள்.

போன வைகாசியில் அவளுடைய மூத்த மகள் முத்தழகு, நாலு வயது, இரண்டே நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டாள். ஊரணியின் அடித்தண்ணீர் செய்த வேலை. ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று அழுகைக்கு நடுவே ராக்குவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்க நான் சொன்னேன்: "அடுத்த வைகாசிக்கு இந்த ஊருல ஒரு பிள்ளைக்கும் இப்படி ஆகாது. நான் பாத்துக்கிறேன்."

எந்தத் தைரியத்தில் சொன்னேன்? வெள்ளித் துகள் கிருமியைக் கொல்லும் என்று சார் வகுப்பில் சொன்னதைக் குழாய் கழுவிக்கொண்டே கேட்டிருந்தேன், அவ்வளவுதான். ராக்கு கையை உருவிக்கொண்டாள். "இம்புட்டு நாளும் காலேசுக்குத்தானே போன மதினி? அப்பவே பாத்திருக்கலாம்ல?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எம்.பில். சேர்ந்தேன். படிவத்தில் வேறு காரணம் எழுதியிருக்கிறேன்.

சின்னவள் வள்ளிக்கு ராக்கு தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறாள். அந்த இரண்டு குடத்துக்காகத் தினமும் ஒரு கட்டுக் கருவேல விறகு சுமக்கிறாள். காய்ச்சிக் குடியுங்கள் என்று ஊருக்குச் சொல்ல எனக்கு ஒரு வாய் போதும். விறகை யார் சுமப்பது?

22 டிசம்பர், திங்கள்

மண்டபத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் சொல்லிவைத்து, சாலிஹா ஒரு பை கட்டக்கோரைப் பாசி வாங்கி வந்தாள். கழுவி, உலர்த்தி, கொதிக்கவைத்து வடித்தோம். அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினோம். முதலில் ஒன்றுமில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தேன் நிறம். மத்தியானத்துக்குள் நல்ல பழுப்பு.

நிறம் மாறிவிட்டால் வெள்ளி நுண்துகளாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு துகள், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கொலுசில் வெள்ளையாக மின்னுவது, இவ்வளவு சிறிதானதும் பழுப்பாகிவிடுகிறது. கரையில் ஒதுங்கி நாறுகிற பாசிக்கு இந்த வேலை தெரியும் என்று யாருக்குத் தெரியும்!

ஊரணித் தண்ணீரில் கொஞ்சம் விட்டு மூடி வைத்திருக்கிறோம்.

24 டிசம்பர், புதன்

தட்டில் ஒரு புள்ளி இல்லை. ஒன்றுகூட இல்லை. சாலிஹாவும் நானும் கையைக் கோத்துக்கொண்டு லேப்பில் குதித்தோம். சார் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

8 ஜனவரி 2009, வியாழன்

வீடு வீடாகப் போய்ச் சொட்டு ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. மண்ணால் வில்லை செய்து அதன்மேல் துகளை ஏற்றலாம் என்று சார் சொன்னார். உப்பூர்ப் பக்கம் சூளை வைத்திருக்கும் கூத்தையா அண்ணன் உள்ளங்கை அளவில் வில்லைகள் சுட்டுக் கொடுத்தார். கரைசலில் முக்கி உலர்த்தினோம். செங்கல் நிறத்தில் போனவை பழுப்பு நிறத்தில் வந்தன. ராத்திரி குடத்தில் ஒன்றைப் போட்டுவைத்தால் காலையில் குடிக்கலாம். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் சார் விடவில்லை. தண்ணீரில் எவ்வளவு வெள்ளி இறங்குகிறது என்று மதுரைக்கு அனுப்பி அளக்க வேண்டுமாம். கோபம் வந்தது, பிறகு அடங்கியது. குடிப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அளக்கட்டும்.

16 ஜனவரி, வெள்ளி

மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. குடிதண்ணீரில் இருக்கலாம் என்ற அளவில் பாதிகூட இல்லை.

பொங்கல் கரும்பு இன்னும் வீடுகளில் சாய்ந்து நிற்கிறது. பன்னிரண்டு வீட்டில் வில்லை கொடுத்தேன். அடுப்பில் போடாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், சோப்பு படக் கூடாது, உடைந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சோதனை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் – ஒன்று விடாமல் சொன்னேன். முதல் வில்லை எங்கள் வீட்டுக் குடத்தில். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெத்தல எச்சி துப்புன மாதிரில இருக்கு" என்றார்.

ராக்கு கதவைத் திறக்கவில்லை.

20 ஜனவரி, செவ்வாய்

பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு பூஜ்யம்.

வயலுக்கு நேராகப் போய் அவரிடம் சொன்னேன். இருளாண்டி என்கிற என் புருஷன் மிளகாய்ச் செடிக்கு நடுவில் நிமிர்ந்து, "ஒண்ணுமே இல்லேங்கிற. அதுக்கு எதுக்குத்தா இம்புட்டுச் சிரிப்பு?" என்றார். அந்த ஒன்றுமில்லாததுக்குத்தான்!

27 ஜனவரி, செவ்வாய்

ஏழு வீட்டில் புள்ளிகள். கொஞ்சம்தான். பாட்டிலை நான் சரியாகக் கழுவவில்லையோ?

3 பிப்ரவரி, செவ்வாய்

பதினொரு வீட்டில். பாட்டில் காரணமில்லை, இந்தத் தடவை நானே கொதிநீரில் போட்டு எடுத்தேன். சாலிஹாவிடம், "நீதான் தட்டைத் திறந்துபோட்டிருப்ப" என்று கத்திவிட்டேன். அவள் தொழுகைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் வரும்போதுதான் மண்டையில் உறைத்தது, நான் பேசியது தப்பு.

10 பிப்ரவரி, செவ்வாய்

ஊரணித் தண்ணீருக்கும் குடத்துத் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லை. வில்லை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். செல்லச்சாமி வீட்டில் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. அவர் தனிக்கட்டை. சாப்பிட்ட தட்டையே மறுநாள்தான் கழுவுவார். ஊரிலேயே அழுக்கான குடத்தில் ஊரிலேயே நல்ல தண்ணீர்! எனக்குத் தலை சுற்றுகிறது.

ஊரணியில் நாலு படி வெளியே தெரிகிறது.

12 பிப்ரவரி, வியாழன்

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

மிளகாய் பறிக்க ஆள் வரவில்லை, நீயாவது வா என்று அவர் கூப்பிட்டதால் லீவு போட்டேன். மத்தியானம் வயலிலிருந்து திரும்பினால், ஊரணிப் படியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்காகக் குடம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். வியாழன்தோறும் நடப்பதுதான். என் மாமியார் பஞ்சம்மாள் கையில் என் வில்லை. நாரை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார்.

"அத்தை! என்ன செய்றீக?"

"பாத்தாத் தெரியல? கறை பிடிச்சுக் கிடந்துச்சு. மூணு வாரமா விளக்குறேன், இப்பத்தேன் வெளுத்துச்சு. காலேசுச் சாமான். திருப்பிக் குடுக்கையில அழுக்கோட குடுத்தா நம்மூரைப் பத்தி என்ன நினைப்பாக?"

படியில் பார்த்தேன். இன்னும் பத்து வில்லை வெயிலில் காய்கின்றன. பளபளவென்று, செக்கச்செவேலென்று. ஒன்றில்கூட வெள்ளி இல்லை.

இவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இரவல் வாங்கிய பாத்திரத்தை விளக்காமல் திருப்பித் தருகிறவளை நானே பேசியிருக்கிறேன். நெருப்பு, சோப்பு என்று அத்தனையும் சொன்ன வாய், விளக்காதீர்கள் என்று மட்டும் ஏன் சொல்லவில்லை? எனக்குத் தோன்றவே இல்லை. வியாழக்கிழமை நான் காலேஜில் இருக்கிறேன், ஊர் விளக்குகிறது. பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். சாயங்காலம் வந்து பளபளக்கிற குடத்தில் தண்ணீர் மோந்து குடிக்கிறேன், வில்லை என்ன ஆனது என்று ஒரு நாள் கையை விட்டுப் பார்த்தேனா?

லச்சுமி, நீ எல்லாம் ஒரு ஆராய்ச்சிக்காரி!

13 பிப்ரவரி, வெள்ளி

சாலிஹாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க உம்மாவும் இதைத்தான்க்கா செஞ்சிருக்கும்" என்றாள். சார் சிரிக்கவில்லை. "விளக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, முடிஞ்சது" என்றார். சார் வீட்டில் பாத்திரம் விளக்குவது சார் இல்லை.

15 பிப்ரவரி, ஞாயிறு

ஊரணிப் படியில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். கறை இல்லை, அதுதான் மருந்து, விளக்காதீர்கள். மாமியார்தான் முதலில் எழுந்தார். "குடத்தை விளக்குவோம், உள்ளே கிடக்கிறதை விளக்க மாட்டோமா? பாசி பிடிச்சதைப் போட்டுச் சாமிக்கு எப்படித் தண்ணி வைக்கிறது?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் செல்லச்சாமி தன் வில்லையைக் கொண்டுவந்து காட்டினார். விளக்காத வில்லை. அதன்மேல் எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து ஓடு கட்டியிருந்தது. அதற்குள் இருந்து வெள்ளி எப்படி வெளியே வரும்?

விளக்கினால் வெள்ளி போய்விடுகிறது. விளக்காவிட்டால் மூடிக்கொள்கிறது.

ராக்கு தண்ணீர் எடுக்க வந்தவள், இடுப்புக் குடத்தை இறக்கினாள். மாமியார் கையில் இருந்த வில்லையைப் பிடுங்கிப் படியில் ஓங்கிப் போட்டாள். இரண்டாக உடைந்தது. "பாருங்க, உள்ள வெறும் மண்ணு! இதுக்கா எம் பிள்ளை பேரைச் சொல்லி ஊரைக் கூட்டுன?" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாரும் போயிட்டாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தேன். எதுக்கு வாக்குக் குடுத்த? யாரு உன்னைக் கேட்டா? பேசாம குழாய் கழுவிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. உடைந்த இடம் ஒரே சிவப்பு. விளிம்பில் எங்கோ ஓர் இடத்தில் மட்டும் நூல் கனத்துக்குப் பழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே வெறும் மண். ஆமாம். உள்ளே ஏன் வெறும் மண்ணாக இருக்க வேண்டும்?

16 பிப்ரவரி, திங்கள்

சார் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். மண்ணைப் பிசையும்போதே வெள்ளியைச் சேர்த்துச் சுட்டால்? அடி முதல் மேல் வரை வெள்ளி. எவ்வளவு விளக்கினாலும் அடியில் இருந்து புதிது வரும். உப்பு ஓடு கட்டினாலும் வியாழக்கிழமை புளி அதைக் கழற்றிவிடும். விளக்குவதுதான் இனி நமக்கு வேலையே!

சார் யோசித்தார். "சூளைச் சூட்டுல துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாயிரும்மா. பெருசானா வேலை செய்யாது" என்றார். அப்படி ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றேன். வெள்ளி நைட்ரேட் அரைப் பாட்டில்தான் மிச்சம். புதுப் பாட்டில் வர இரண்டு மாதம். தோற்றால் அதோடு சரி. அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். அதுதான் அவர் சம்மதம்.

21 பிப்ரவரி, சனி

கூத்தையா அண்ணன் முதலில் மறுத்துவிட்டார். "என் சூளையில மண்ணு, உமி, தண்ணி மூணுதேன் போகும் தங்கச்சி. மருந்தெல்லாம் போட்டா மத்த பானைக்கு யாரு பதில் சொல்றது?" அரை மணி நேரம் சண்டை. கடைசியில் ராக்குவின் மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உமி எவ்வளவுன்னு நான் பாத்துக்கிறேன். வெள்ளி எவ்வளவுன்னு நீ சொல்லு" என்றார்.

2 மார்ச், திங்கள்

முதல் சூடு. பதினைந்தில் பதினான்கு வெடித்துவிட்டன. மிஞ்சிய ஒன்றும் கையில் எடுத்ததும் உதிர்ந்தது. உமி அதிகமாம். "சின்னச் சாமானுக்கு வேற கை" என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டார். கரைசல் இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும்.

12 மார்ச், வியாழன்

இருபது வில்லை. ஒன்றும் வெடிக்கவில்லை! தட்டினால் டிங் என்கிறது. ஒன்றை வேண்டுமென்றே உடைத்தேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம்.

17 மார்ச், செவ்வாய்

பூஜ்யம்.

காரைக்குடியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படமும் வந்துவிட்டது. மண்ணின் சந்துகளில் வெள்ளித் துகள்கள் தனித்தனியாக, கடுகு தூவியதுபோல. சில பெரிதாகியிருக்கின்றன, பெரும்பாலானவை அப்படியே. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "நான் சொன்னது தப்பு வீரலட்சுமி" என்றார். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதிவைப்பேன். நான் சொன்னது தப்பு வீரலட்சுமி!

19 மார்ச், வியாழன்

தேய்மானச் சோதனை செய்ய வேண்டும். லேப்பில் சாலிஹா பஞ்சை வைத்துத் தடவினாள். இது வேலைக்கு ஆகாது என்று மூன்று வில்லையை மாமியாரிடம் கொடுத்தேன். "அத்தை, ஒவ்வொண்ணையும் ஐம்பது தடவை விளக்கணும். உங்களால எம்புட்டு முடியுமோ அம்புட்டு அழுத்தி."

"இதுக்கா காலேசுல சம்பளம் குடுக்கிறாக?" என்று கேட்டுக்கொண்டே சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது வில்லைக்கு வரும்போது பாட்டே பாட ஆரம்பித்துவிட்டார். ஒரு வருட வியாழக்கிழமைகளை ஒரே மத்தியானத்தில் முடித்தார்.

21 மார்ச், சனி

ஐம்பது தடவை விளக்கிய மூன்றிலும் பூஜ்யம். மாமியாரிடம் சொன்னேன். "அப்ப நூறு விளக்கவா?" என்றார்.

31 மார்ச், செவ்வாய்

மதுரைக்காரர்கள் வெள்ளியை அளந்து சரி சொன்ன பிறகு, போன செவ்வாய் பன்னிரண்டு வீட்டுக்கும் புது வில்லை கொடுத்தேன். இந்தத் தடவை நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வியாழன் தவறாம விளக்குங்க."

நடுவில் ஒரு வியாழன் போய்விட்டது. பன்னிரண்டு வீட்டுத் தட்டையும் சாலிஹா ஒரு தடவை, நான் ஒரு தடவை, சார் ஒரு தடவை எண்ணினோம். எண்ண ஒன்றுமில்லை. பதினொரு வீட்டில் சுத்தமான பூஜ்யம். செல்லச்சாமி வீட்டில் மட்டும் நாலு புள்ளி. அவர் விளக்கவில்லை! மாமியார் போய் அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தார்.

மார்ச் முடிந்தது. ஊர்ப் பகுதி இருக்கும் என்று சார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

16 ஏப்ரல், வியாழன்

சாலிஹா வைரஸ் சோதனையையும் முடித்துவிட்டாள். மனிதரைத் தாக்கும் வைரஸை எங்கள் லேப்பில் வளர்க்க முடியாது. அதனால் பாக்டீரியாவைத் தின்கிற ஒருவகை வைரஸை வைத்துப் பார்த்தாள். அதுவும் வில்லையிடம் தோற்கிறது. ஆனால் பாக்டீரியா மாதிரி சட்டென்று இல்லை, ராத்திரி முழுக்க வேண்டும், அப்போதும் நூற்றுக்கு ஒன்று தப்பிக்கிறது. இதை அப்படியே எழுதச் சொன்னேன். தண்ணீர் வழி வைரஸால் வரும் காமாலைக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று இனிமேல் என் வாய் முந்திக்கொள்ளக் கூடாது.

26 ஏப்ரல், ஞாயிறு

புதுப் பாட்டில் வந்துவிட்டது. மொத்தம் எண்பத்தாறு வீடு. கூத்தையா அண்ணன் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கல்யாணச் சீர்வரிசை மாதிரி வில்லைகளைக் கொண்டுவந்தார். ஊரணிப் படியில் வைத்துக் கொடுத்தோம். வாங்க வந்தவர்களுக்கு மாமியார் தலைமையில் பயிற்சி: எவ்வளவு புளி, எப்படி அழுத்த வேண்டும், எங்கே காயவைக்க வேண்டும். நான் ஒரு ஓரமாக நின்றேன். ஆராய்ச்சி என் கையை விட்டுப் போய்விட்டது. போகட்டும், அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

எண்பத்தைந்து வில்லை போனது. ராக்குவுக்கு உரியதை எடுத்து வைத்திருக்கிறேன். போய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

13 மே, புதன்

எலக்‌ஷன். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் குழாய்த் தண்ணீர் வரும் என்றார்கள். வரட்டும். அதுவரை வில்லை இருக்கிறது.

21 மே, வியாழன்

ஊரணியில் முழங்கால் அளவுத் தண்ணீர். சேற்றுக் குழம்பு. போன வருடம் இதே அளவில்தான் ஆரம்பித்தது. பெண்கள் வடிகட்டி, தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்து, பிறகு வில்லையைப் போடுகிறார்கள். மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. வாசலில் யாராவது ஓடினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். யாரும் நோயோடு ஓடவில்லை. ஆட்டைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

26 மே, செவ்வாய்

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஊரணித் தட்டில் புள்ளி மேல் புள்ளி. அதே தண்ணீர், குடத்தில் பூஜ்யம்.

1 ஜூன், திங்கள்

துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீடு தேடி வந்துவிட்டார், கோபமாக. "என்னம்மா உங்க ஊர்ல? ஒருத்தருக்கும் வயிறே இல்லையா? உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்க சித்திரையில இருந்து ஒரு ஆளு வரலை. மேலிடத்துல, நான் ஊருக்குப் போறதே இல்லைன்னு நினைக்கிறாங்க!" வயிறு இருக்கிறது, போக்குத்தான் இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் பதினைந்து வீடு ஏறி இறங்கிக் கேட்டார். திரும்பி வரும்போது கையில் ஒரு வில்லை. எங்கிருந்து வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

அவர் பைக்குள் இருந்த பொட்டலங்களை அடுத்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் கதவைச் சாத்திவிட்டுச் சத்தம் போட்டு அழுதேன். மாமியார் பயந்துபோய்த் திருநீறு பூசினார். சந்தோஷத்தில் அழுகிறேன் அத்தை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்!

5 ஜூன், வெள்ளி

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் ராக்கு. ஒரு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை முத்தழகுக்கு வருசம். பிள்ளைக்குத் தண்ணி வைக்கணும், மதினி."

"வைப்போம் ராக்கு."

"நல்ல தண்ணியா வைக்கணும்."

உள்ளே போய் அவளுக்கு எடுத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். ஏழு மணி பஸ் போய்விட்டது.

7 ஜூன், ஞாயிறு

ராக்கு வீட்டில் முத்தழகு படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். சேவு, சீனி மிட்டாய், ஒரு சொம்புத் தண்ணீர். எல்லோரும் கும்பிட்டோம். ராக்கு கொஞ்ச நேரம் அழுதாள், யாரும் தடுக்கவில்லை.

பிறகு எழுந்து, மூலையில் இருந்த குடத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மோந்து கொடுத்தாள். முதல் டம்ளரைச் சின்னவள் வள்ளியிடம் நீட்டினாள். அடுப்புப் பக்கம் பார்த்தேன். அங்கே வெந்நீர்ப் பானை இல்லை, விறகும் இல்லை. வள்ளி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள். கழுத்தெல்லாம் நனைந்துவிட்டது. இன்னும் வேணும் என்றாள்.

ராக்கு குனிந்து இன்னொரு டம்ளர் மோந்து கொடுத்தாள்.